சன்னலுக்கு வெளியே என் நாற்காலி

மார்ச் 6

அன்பு மகள் லுபேவுக்கு,

இந்த ஞாயிறுவரை என்னையும் உன் அத்தையையும் மூச்சோடு வைத்திருக்கும் ஆண்டவருக்கு நன்றி. ஹோபார்ட் குளிரில் உன்னையும் அவரே போர்த்திக் காக்கட்டும். அங்கே கம்பளி போதுமா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

உன் அப்பன் ஒரு மானக்கேட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தபோது பௌலியாசி கேட்டான்: “ஏன்டா சியோசாயா, உன் பொண்ணு அங்க என்னதான் படிக்கிறா?”

“டிசைன்” என்றேன்.

“அப்படின்னா?”

நான் படித்தது ஐந்தாம் ஃபார்ம் வாசல் வரை. அந்தச் சொல்லுக்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது. கிண்ணத்தைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் என் வாயையே பார்க்கிறார்கள். “அதான்டா, டிசைன் டிசைனா உடுப்பு தைக்கிறது” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை ஆள் ஏற்ற என் படகு துறையில் சேரும்போது பாட்டுக்குழுப் பெண்கள் நான்கு பேர் துணியோடு நிற்கிறார்கள். குழுத் தலைவியம்மாள் அங்கேயே நாடாவால் தன்னை அளந்து சொல்லச் சொல்ல, நான் பார்வையைக் கடலில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டேன். நான்கு துணியும் படகுப் பெட்டிக்குள் கிடக்கின்றன. உன் அத்தை கேட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “படிக்க அனுப்பினவனுக்கே என்ன படிப்புன்னு தெரியல. நல்ல குடும்பம்!”

நீ படிப்பது என்ன என்று தெளிவாக எழுது. கடலடிக் கேபிள் அறுந்ததிலிருந்து நம் தீவில் ஃபோனில் ஒன்றும் வருவதில்லை. தபால்தான் கதி.

அத்தைக்குக் காலில் கொஞ்சம் வீக்கம். மற்றபடி சுகம்.

தையல்காரியின் தகப்பன்,
சியோசாயா


மார்ச் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். வீக்கம் எந்தக் காலில்? மருந்தகத்தில் காட்டினீர்களா?

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்று படித்துத் தனியாகச் சிரித்தேன். சிரிப்பைப் பங்கு போட இந்த வீட்டில் ஆள் இல்லை. வீட்டுக்காரம்மா ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். வாரத்தில் மூன்று நாள் என் குரலை நானே கேட்பதில்லை.

டிசைன் என்றால் என்னவென்று எனக்கும் ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை. அதனால் ஒரு பென் டிரைவ் அனுப்புகிறேன். நான் பார்த்து, கேட்டு, தூக்கம் கெட்டவை மட்டும் இதில் இருக்கின்றன. அத்தை வீட்டு டி.வி.யில் செருகினால் ஓடும். தமாஷுக்கு அனுப்பவில்லை அப்பா. உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுத வேண்டும், அதுதான் கூலி.

முதலில் நாற்காலியைப் பற்றிய படம். நாற்காலியின் உயரத்தை முடிவு செய்தவர் யார் என்று ஒரு பெண் ஊர் ஊராகப் போய்க் கேட்கிறாள். அடுத்து, பழைய புகைப்படங்களைப் பற்றிய படம். ஒரு முதியவர் ஒவ்வொரு படமாகக் காட்டி, எடுத்தவன் இதில் எங்கே ஒளிந்திருக்கிறான், தேடு என்பார். இதைப் பார்த்த பிறகு நான் எந்தப் படத்தையும் பழையபடி பார்க்கவில்லை.

துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!

உங்கள் மகள்,
லுபே


மே 2

அன்பு மகளுக்கு,

கடவுள் கிருபையால் நாங்கள் சுகம். உன் கடிதமும் அந்தக் கட்டைவிரல் அளவுப் பொருளும் வந்து சேர்ந்தன. துணிகளைத் திருப்பிக் கொடுத்தேன். தலைவியம்மாள் இப்போது என் படகில் ஏறுவதில்லை, அடுத்த படகுக்குக் காத்திருக்கிறார்.

படம் பார்த்த கதையைக் கேள். சனிக்கிழமை மத்தியானம். டி.வி. இருப்பது அத்தை வீட்டில். அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பது நம்மில் ஏது? அதனால் வழக்கம்போல அவர் உள்ளே தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார். நான் வெளியே, சன்னலடியில் என் நாற்காலியில். வீடு கட்டைமேல் நிற்பதால் நாற்காலியில் உட்கார்ந்தும் என் மூக்குதான் சன்னல் விளிம்புக்கு எட்டுகிறது. கறுப்புக் கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறந்து வைத்தால் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே படம் தெரியும். நாற்காலியின் காலும் தலையும் எனக்குத் தெரிந்தன. நடுவில் இருந்ததை அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

உயர்ந்த நாற்காலியில் உட்கார்கிறவன்தான் பெரியவன் என்று அந்தப் பெண் ஒரு மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தாள். அத்தை உள்ளிருந்து, “இதைச் சொல்ல இவ்வளவு தூரம் சுத்தணுமா? ராஜா போறப்ப தரையில குந்துறோமே, நம்மகிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல” என்றார். அப்புறம் சொன்னார்: “சியோசாயா, நான் தரையில இருக்கேன், நீ நாற்காலியில இருக்கே. ஆனாலும் உன் தல எனக்குக் கீழதான். வீடு கட்டினவன் கெட்டிக்காரன்.”

வீடு கட்டியவன் நான்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒன்றும் யோசித்துக் கட்டவில்லை. ஆனால் அப்படித்தான் வந்திருக்கிறது. எனக்குத் தோன்றியது இது. கூலி சரியாகிவிட்டதா?

புகைப்படப் படத்தில், ஒரு கெட்டிலின் பளபள வயிற்றில் எடுத்தவன் உருவம் தெரிவதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். கத்தின கத்தில் எழுந்து, நீட்டியிருந்த கண்ணாடிப் பட்டையில் நெற்றியை இடித்துக்கொண்டேன். “திருடன் மாட்டினான்!” என்று அத்தை சிரித்தார்.

அவர் சீக்கிரம் களைத்துப் போகிறார். வயது.

நெற்றி வீங்கிய,
அப்பா


மே 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். உங்கள் சன்னலை இத்தனை வருஷம் பார்த்தும் நான் பார்க்கவில்லை. சின்ன வயதில் உங்கள் மடிக்கும் அத்தையின் பாய்க்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன், எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் அனுமதி.

நவம்பரில் இறுதிக் கண்காட்சி. ஒவ்வொருவரும் ஒரு பொருள் செய்து வைக்க வேண்டும். நான் அந்தச் சன்னலைச் செய்யப் போகிறேன். உள்ளே ஒரு பாய், வெளியே ஒரு நாற்காலி, இருவருக்கும் ஒரே திரை. எங்கள் வகுப்பில் சுவர் என்றாலே பிரிப்பது என்கிறார்கள். மரியாதையும் ஒரு சுவர்தான், அதன் வழியாகவும் சேர்ந்து சிரிக்கலாம் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

ஆனால் இது நம் வீட்டு விஷயம், வெளி ஆட்கள் முன்னால் வைக்கிறேன். அத்தையின் வார்த்தை வேண்டும். நீங்கள் சரி என்றால் போதாது அப்பா, உங்களுக்கே தெரியும். அம்மா போன நாளிலிருந்து என்னை வளர்த்தவர் என்பதற்காக மட்டும் இல்லை. அப்பாவின் அக்கா வாயிலிருந்து வராத சம்மதம் சம்மதமே இல்லை. அவர் சொல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டேன். செப்டம்பருக்குள் தெரிந்தால் போதும். சன்னலின் அளவும் ஒரு புகைப்படமும் அனுப்புங்கள்.

இத்துடன் இன்னொரு பென் டிரைவ். கேட்பதற்கு மட்டும், படம் கிடையாது. எந்தெந்த ஊரில் துக்கத்துக்கு என்ன நிறம் உடுத்துகிறார்கள் என்று ஒருவர் மெதுவாகச் சொல்கிறார். குளித்து முடித்து, வேலை இல்லாதபோது கேளுங்கள்.

லுபே


ஜூன் 19
(இதை நான் தபாலில் போடவில்லை. பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன்.)

லுபே,

உன் அத்தை பதினோராம் தேதி போய்விட்டார். உன் கடிதம் அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் வந்தது.

கால் வீக்கம் இடுப்புவரை ஏறியதும் என் படகில்தான் நெயாஃபு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவர் முனையில் உட்கார்ந்தார், நான் பின்னால் எஞ்சினருகே. திரும்பாமலே சொன்னார்: “லுபேவுக்கு இப்ப ஒண்ணும் எழுதாத. கண்காட்சி முடியட்டும். தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவா.”

“சரிக்கா.”

“அழுதுகிட்டே எழுதாத. உன் கையெழுத்தே காட்டிக் கொடுத்துரும்.”

“சரிக்கா.”

அக்கா சொன்ன பிறகு தம்பிக்கு வேறு பேச்சு ஏது. ஆஸ்பத்திரியிலும் நான் வெளி வராந்தாவில், சன்னலுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். அடக்கத்தன்றும் அவர் அருகே போகக்கூடாத ஆள் நான். கொல்லையில் குழியடுப்பு மூட்டி, கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தேன். மார்புவரை வரும் கிழிந்த பெரிய பாயைச் சுற்றிக்கொண்டு அடுப்பருகே நிற்பது எவ்வளவு புழுக்கம் என்று யாரிடமும் சொல்ல முடியாது. அக்கா மரியாதையில் எவ்வளவு உயரமோ, தம்பியின் துக்கப் பாய் அவ்வளவு பெரிது, அவ்வளவு கிழிசல். என்னுடையது நம் தீவிலேயே பெரியது, வருஷம் திரும்பும்வரை அதைக் கட்டிக்கொண்டுதான் நடமாட வேண்டும்.

ஊரில் எல்லார் வாயையும் கட்டியிருக்கிறேன். கேபிள் அறுந்தது இதற்கு மட்டும் உதவி.

நீ அனுப்பியதைக் கேட்டேன். ஓரிடத்தில் வெள்ளையாம், ஓரிடத்தில் கறுப்பாம். நம் பாயைப் பற்றி அந்த ஆள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நீ கேட்பது அவர் வாயிலிருந்து வர வேண்டிய சொல். அதை நான் எங்கே போய் வாங்குவேன்? வராது என்று எழுதினால் ஏன் என்று கேட்பாய். வந்தது என்று எழுதினால், அக்காவின் வாயில் தம்பி பேசினவன் ஆவேன். நம் குடும்பத்தில் அப்படிச் செய்தவன் எவனும் இல்லை.


ஜூலை 3

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் நம்மை நடத்திக்கொண்டிருக்கிறார். நீ சுகமாக இருப்பாய் என நம்புகிறேன்.

இங்கே மழை. படகு எஞ்சினுக்கு இருமல். பௌலியாசி பன்றிக்குட்டி ஒன்று வாங்கினான், அது முதல் நாளே ஓடிப்போய்ப் பாதிரியார் தோட்டத்தில் தவம் இருக்கிறது. நிறங்களைப் பற்றிய பேச்சைக் கேட்டேன். நன்றாகச் சொல்கிறார். அவர் குரல் நல்ல குரல்.

அத்தை ஓய்வில் இருக்கிறார்.

அப்பா


ஜூலை 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? உங்கள் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. நீங்கள் எஞ்சினைப் பற்றி மட்டுமே மூன்று பக்கம் எழுதுகிறவர்.

அத்தை என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. கோபமா? “என் வீட்டை ஊருக்குக் காட்டப் போறாளா” என்றாரா? இல்லை என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான். வேறு ஏதாவது செய்துகொள்வேன், எல்லாரும் செய்வதுபோல ஒரு விளக்கோ மேசையோ. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. வகுப்பில் எல்லாரும் மரம் அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு தபால்காரருக்குக் காத்திருக்கிறேன்.

இங்கே குளிர்காலம், ஐந்து மணிக்கே இருட்டுகிறது. நேற்று என் பிறந்தநாள். முட்டை இரண்டு அவித்துச் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிச் சுட்ட இலைப் பொட்டலத்தின் வாசனை எங்கிருந்தோ வந்தது, எழுந்து தேடினேன். ஒன்றும் இல்லை.

ஒரு சொல் போதும் அப்பா. அத்தையின் ஒரு சொல்.

லுபே


ஆகஸ்ட் 20

அன்பு மகள் லுபேவுக்கு,

கடவுள் உன் கையை ஆசீர்வதிக்கட்டும். பிறந்தநாளை மறந்த அப்பனைத் திட்டிக்கொள், எனக்கு உறைக்கும்.

உன் கடிதம் இரண்டையும் அத்தையிடம் எடுத்துப் போய், சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. “தாராளமா செய்யச் சொல்லு. ஆனா நாற்காலியில உட்கார்றவன் உன்னைவிட அழகா இருக்கணும்னு எழுது” என்றார். ஆகவே சம்மதம். சுத்தியலை எடு.

சன்னல் அகலம் என் ஒரு கையும் நான்கு விரலும். மீட்டர் நாடாவால் அளந்ததைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், கையை நம்பாதே. கண்ணாடிப் பட்டைகள் எட்டு. நேற்று எட்டையும் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, வெயில் நன்றாக இருந்தபோது பௌலியாசியின் ஃபோனில் நானே படம் எடுத்தேன். நெயாஃபுக் கடையில் பிரதி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் புகைப்படக்காரக் கிழவர் பார்த்தால் என்னைப் பாராட்டுவார், படம் அவ்வளவு தெளிவு.

அப்பா


அக்டோபர் 9

அன்பு மகளுக்கு,

சுகமா? ஏழு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் தபால் ஆபீசில் போய் நிற்கிறேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுகிறாள், நான் வாசல் ஏற வேண்டிய வேலைகூட இல்லை.

படம் கிடைத்ததா? அளவு சரியாக வந்ததா? மரம் கிடைக்கிறதா?

ஒரு வரி எழுது.

அப்பா


நவம்பர் 21

அப்பா,

கண்காட்சி முடிந்தது. இனி எழுதலாம்.

உங்கள் படம் செப்டம்பர் இரண்டாம் தேதி வந்தது. சுவரில் ஒட்டி வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம், எடுத்தவர் எங்கே என்று தேடினேன். எட்டுப் பட்டையிலும் இருந்தீர்கள். மேல் பட்டைகளில் உங்கள் நெற்றியும் ஃபோனும். அவற்றுக்குக் கீழே கடைசிவரை பாய். மார்புவரை வந்த பாய், ஓரமெல்லாம் கிழிந்த பாய்.

அவ்வளவு பெரிய பாயை நீங்கள் சுற்றிக்கொள்ள உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு.

முதல் நாள் அழுதேன். இரண்டாம் நாள் உங்கள்மேல் அவ்வளவு கோபம். மூன்றாம் நாள் உங்கள் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் படித்தேன். “அவர் மறுக்கவில்லை” என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மை, எங்கே போய்ப் படித்துக் காட்டினீர்கள் என்றும் தெரிந்தது. அதற்கடுத்த வரி பொய். அத்தை எதற்கும் முதல் தடவை தாராளமாக என்று சொன்னதில்லை. கலர் டி.வி.க்கே மூன்று தடவை வேண்டாம் என்றவர். எழுதாதே என்று உங்களுக்குச் சொன்னதும் அவராகத்தான் இருக்கும். அதனால்தான் நானும் எழுதவில்லை. கண்காட்சியை விட்டு ஓடி வந்தால் அவர் பேச்சை நான் மீறியதாக ஆகும்.

சன்னலைச் செய்தேன், சொன்னபடி ஓர் ஆணிகூட அடிக்காமல், மரத்தில் மரத்தைப் பொருத்தி. எட்டுப் பட்டையையும் மூடியே வைத்தேன். உள்ளே பாய் விரித்து, திரையை ஓடவிட்டேன். வெளியே உங்கள் நாற்காலி. மூடிய கறுப்புக் கண்ணாடி வழியாக வெளிச்சம் அசைவது மட்டும் தெரியும். பக்கத்தில் சின்ன அட்டையில் எழுதி வைத்தேன்: “திறப்பதற்கு அனுமதி கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.” நான்கு நாளும் கறுப்பு உடுத்தி அருகிலேயே நின்றேன். ஒரு பையன், “உள்ள யாராவது இருக்காங்களா?” என்றான். இருக்காங்க என்றேன். திறந்து பார்க்கலாமா என்று பலர் கேட்டார்கள். யாரையும் விடவில்லை. தேர்வாளர்களுக்குப் புரியவில்லை, ஆனாலும் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

கண்காட்சியின் பதிவு இத்துடன் உள்ள பென் டிரைவில் இருக்கிறது. இந்த வருஷம் பார்க்கச் சொல்லி நான் அனுப்புவதில் இதுவே கடைசி. டிசம்பர் 18 வருகிறேன். எனக்கும் ஒரு பாய் எடுத்து வையுங்கள், பெரியதாக.

லுபே


டிசம்பர் 4

அன்பு மகள் லுபேவுக்கு,

உன்னைப் பத்திரமாகக் கொண்டு வரப்போகிற கடவுளுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டேன். நான் சுகம். பாய் எடுத்து வைத்திருக்கிறேன். பதினெட்டாம் தேதி படகோடு துறையில் நிற்பேன், தலைவியம்மாளும் வருகிறாராம், என்னை மன்னித்தாயிற்று.

அக்காவின் வாயில் பேசியது தப்பு. அவர் கல்லறையிலேயே போய் ஒப்புக்கொண்டேன். எடுத்தவனைக் கெட்டிலில் கண்டுபிடித்த கெட்டிக்காரன், எட்டுக் கண்ணாடியைத் தானே துடைத்து அதிலே நின்று மாட்டிக்கொண்டேன். அத்தை இருந்தால் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் உன் பதிவைப் பார்த்தேன். அத்தை வீட்டுக்குள் போய் டி.வி.யைப் போட்டு, பாயைத் தட்டி விரித்துவிட்டு, வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு சன்னல், அதன் முன்னால் ஆளில்லாத ஒரு நாற்காலி. சன்னல் வழியாகச் சன்னலைப் பார்த்தவன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நெற்றியில் வெயில் சுட்டது.

பௌலியாசி பன்றியைத் தேடி அந்தப் பக்கம் வந்தான்.

“டேய், உள்ள ஆளே இல்ல. மின்விசிறி வேற சும்மா சுத்துது. இந்த வெயில்ல வெளிய ஏன்டா காயுற?”

“இங்கதான்டா காத்து வருது” என்றேன்.

அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான். காற்றே இல்லை, ஓர் இலைகூட அசையவில்லை. உள்ளே போய் அந்தப் பாயில் நான் உட்கார்ந்துவிட்டால் அக்கா இல்லை என்று ஆகிவிடும். அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

அப்பா